வேலையை விடும் நாளில் கேட்டில் மறித்தால்: கொழும்பு அலுவலகக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இராஜினாமாக் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் மாதமும் முடிந்து, கேக் வெட்டிப் படம் எடுத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பையோடு கீழே இறங்கி வருகிறீர்கள். கேட்டில் ஒருவர் கையை நீட்டி மறிக்கிறார். "மிஸ், பேக் எக்க பலன்ன ஓனே." பையைத் திறந்து காட்டுகிறீர்கள். அதோடு முடியவில்லை. எச்.ஆரிலிருந்து கோல் வரும்வரை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். பின்னால் மற்றவர்கள் விரலை வைத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிற ஒவ்வொருவரும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள்.

கோட்டை, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, தெமட்டகொடை என்று எந்தப் பக்கம் வேலை செய்தவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார். தனக்கு நடந்திராவிட்டால் பக்கத்து மேசைக்காரருக்கு நடந்திருக்கும். வீட்டில் சொன்னால் "போனது போகட்டும் பிள்ளை, புது வேலையைப் பார்" என்பார்கள். அந்தப் புத்திமதியில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்புக் கம்பனிகளில் நிர்வாகப் பக்கம் நெடுநாள் இருந்தவள் என்பதால் கிளியரன்ஸ் படிவம் (கம்பனிச் சாமானெல்லாம் ஒப்படைத்தாயிற்று என்று ஒவ்வொரு பிரிவும் கையெழுத்து வைக்கும் தாள்) போகும் மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

இங்கே சொல்லப்போவது தனியார் துறைக்கு. அரசாங்க உத்தியோகத்துக்கு வேறு விதிகள் உண்டு.

முதலில்: மறிப்பவர் யார், அவருக்கு என்ன அதிகாரம்?

கேட்டில் நிற்பவர் பெரும்பாலும் உங்கள் கம்பனியின் ஆளே இல்லை. ஏதோவொரு பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிவைத்த ஆள். அப்படியான நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டத்தின்படி பாதுகாப்பு அமைச்சில் பதிவுபெற்று அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். சீருடையும் தொப்பியும் சில இடங்களில் தோளில் பட்டையும் இருந்தாலும் அவர் பொலிஸ் அல்ல. சட்டத்தின் கண்ணில் உங்களையும் என்னையும் போல ஒரு தனிநபர்.

தனிநபருக்கும் ஆளைப் பிடித்துவைக்கும் உரிமை கொஞ்சம் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பிடியாணையில்லாமல் கைதுசெய்யக்கூடிய குற்றமொன்றைத் தன் கண்முன்னே செய்தவரைப் பிடிக்கலாம், அப்படியொரு குற்றம் செய்ததாக நியாயமான சந்தேகம் இருந்து ஓடுகிறவரையும் பிடிக்கலாம், பிடித்தால் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் கம்பனி லெப்டொப்பைச் சட்டைக்குள் செருகியதைக் காவலர் கண்டிருந்தால் அவர் பிடிப்பது நியாயம். "கிளியரன்ஸில் ஒரு கையெழுத்துக் குறைகிறது", "சேர் மீட்டிங்கில் இருக்கிறார்", "டிரெய்னிங் போண்ட் காசு கட்டவில்லை" (பயிற்சி தந்ததற்காக இவ்வளவு காலம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தக் காசு) என்பவை எதுவும் இதில் அடங்காது. போண்ட் காசு வேண்டுமென்றால் கம்பனி வழக்குப் போடலாம். அதற்காக ஆளை நிறுத்திவைக்க முடியாது.

போக உரிமையுள்ள ஒரு திசையில் ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 330ஆம் பிரிவின்படி குற்றம். ஓர் அறைக்குள்ளோ வளவுக்குள்ளோ வெளியேறவிடாமல் வைத்திருந்தால் 331ஆம் பிரிவு, அது இன்னும் பாரதூரமானது. பிரிவு இலக்கங்களைக் கேட்டில் நின்று ஒப்புவிக்க வேண்டாம். பிறகு எழுதும் கடிதத்துக்கு அவை உதவும்.

பையைப் பார்ப்பது வேறு விஷயம். உங்கள் நியமனக் கடிதத்திலோ ஊழியர் கைநூலிலோ "உள்வரும்போதும் வெளியேறும்போதும் பைகள் பரிசோதிக்கப்படும்" என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே நீங்கள் கையெழுத்தும் வைத்திருப்பீர்கள். அப்படியானால் பையைத் திறந்து காட்டுவதுதான் முறை. திறந்து காட்டுவது நீங்களாக இருக்க வேண்டும், அவர் கையை விட்டுக் கிளறக்கூடாது. உடம்பைத் தடவிப் பார்ப்பது, போனை வாங்கி கெலரியைப் புரட்டுவது, வட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்வது ஆகியவை பைப் பரிசோதனைக்குள் வராது. பெண்களை ஆண் காவலர் தொட்டுப் பரிசோதிக்கவே கூடாது. பொலிஸ்கூட ஒரு பெண்ணைப் பரிசோதிப்பதென்றால் இன்னொரு பெண்ணைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்ட், சொற்பச் சம்பளம், மேலேயிருந்து ஒரு கோல். "அந்தப் பிள்ளையை விடாதே" என்று சொன்ன ஆள் ஏ.சி. அறையில் இருக்கிறார், அவருடைய பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பெயரைக் காகிதத்துக்குக் கொண்டுவரும் வேலைதான்.

படி 1: கடிதம் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டியவை

சில கம்பனிகளில் இராஜினாமாக் கடிதத்தை வாங்கிய அரைமணி நேரத்தில் கணினி பூட்டப்படும், அட்டை செயலிழக்கும், ஒருவர் பெட்டியோடு வந்து மேசையருகே நிற்பார். வங்கி, ஐடி, விற்பனைப் பிரிவுகளில் இது சாதாரணம். ஆகவே கடிதத்தைக் கொடுக்கும் நாளே கடைசி நாளாகலாம் என்று வைத்துக்கொண்டு ஆயத்தமாகுங்கள்.

நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சிட்டைகள், விடுமுறைப் பதிவு, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) அங்கத்துவ இலக்கம், மருத்துவக் காப்புறுதி விபரம், வருமானவரி கழித்திருந்தால் டி-10 சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். இவை உங்களுக்குரிய காகிதங்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலை விபரம், நீங்களே இரவிரவாக இருந்து செய்த எக்செல் என்றாலும் அது கம்பனிக்குரியது. ஒபிஸ் மின்னஞ்சலிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஒன்றையும் அனுப்பாதீர்கள், பென்டிரைவில் இறக்காதீர்கள். ஐடி பிரிவுக்கு அது உடனே தெரியும், கேட்டில் மறிப்பதற்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டமும் இருக்கிறது. மற்றப் பக்கமாக, கோபத்தில் கோப்புகளை அழித்துவிட்டுப் போவதும் அதே வலைக்குள்தான் கொண்டுபோய் விடும்.

பலர் மறக்கும் ஒன்று கம்பனி சிம். அந்த இலக்கத்தை வங்கிக் கணக்குக்கும் பேஸ்புக்குக்கும் பிள்ளையின் பாடசாலை வட்ஸ்அப் குழுவுக்கும் கொடுத்து வைத்திருப்பீர்கள். சிம்மைக் கையளித்த அன்று பின்னேரம் பிக்மிக்குக் காசு கட்டப் போனால் ஓடிபி பழைய ஒபிஸுக்குப் போகும். கடிதம் கொடுப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே எல்லா இடத்திலும் சொந்த இலக்கத்தை மாற்றுங்கள். ஒபிஸ் கணினியில் திறந்தபடி கிடக்கும் வட்ஸ்அப் வெப்பையும் மூடிவிடுங்கள்.

சொந்தச் சாமான்களைச் சிறுகச் சிறுக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மேசைக்கடியில் வைத்திருக்கும் செருப்பு, ஏ.சி. குளிருக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர், மொனிட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையார், சாப்பாட்டுப் பெட்டி, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிய மிக்சர் டின். கடைசி நாளில் ஒரு கைப்பை மட்டும் தோளில் இருந்தால் பரிசோதிக்க ஒன்றுமே இருக்காது. சொந்தக் கீபோர்ட், மின்விசிறி போன்றவற்றை உள்ளே கொண்டுவந்தபோது கேட்டில் பதிந்தீர்களா என்று பாருங்கள். பதியாவிட்டால் மேலாளரிடம் கேட் பாஸ் ஒன்று எழுதி வாங்கிக்கொண்டு வேலையை விடும் கதை வெளியே வருவதற்கு முன்பே கொண்டுபோய்விடுங்கள்.

படி 2: நோட்டீஸ் காலமும் கிளியரன்ஸும்

கடிதத்தை மின்னஞ்சலிலும் கையிலும் கொடுங்கள். கையில் கொடுக்கும்போது பிரதியில் "கிடைத்தது" என்று திகதியோடு ஒப்பம் வாங்குங்கள். மின்னஞ்சலின் பிரதி உங்கள் சொந்த முகவரிக்கும் போகட்டும். கம்பனிக் கோப்பை அனுப்புவதுபோல இது ஆகாது, இது உங்களுடைய கடிதம்.

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொன்னால் அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று நீங்கள் கேட்டுக்கொண்டபடி நாளை முதல் அலுவலகம் வரமாட்டேன். நோட்டீஸ் காலம் முடியும்வரை என் சம்பளம் வழங்கப்படும் எனப் புரிந்துகொள்கிறேன்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அது எழுத்தில் இருந்தால் போதும்.

கிளியரன்ஸ் படிவத்தில்தான் முக்கால்வாசிச் சச்சரவும் பிறக்கிறது. ஐடி, எக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், அட்மின், லைப்ரரி என்று கையெழுத்துகள் நீண்டுபோகும். லெப்டொப்பை விட சார்ஜரால்தான் பிரச்சினை வரும், இது நான் திரும்பத் திரும்பக் கண்டது. உங்கள் பெயரில் எழுதப்பட்ட சார்ஜர் வேறு, கையில் இருப்பது வேறு. எப்போதோ கொன்பரன்ஸ் அறையில் யாரோடோ மாறிப்போயிருக்கும். கடைசி நாள் பின்னேரம் ஐடி தம்பி சீரியல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு "அக்கா, இது உங்களுடையது இல்லையே" என்பார், கையெழுத்து வைக்கமாட்டார், அவருடைய சீனியரோ லீவில் இருப்பார். ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே உங்கள் பெயரிலுள்ள சொத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: லெப்டொப், சார்ஜர், மவுஸ், ஹெட்செட், போன், சிம், அலுமாரிச் சாவி, எரிபொருள் அட்டை, சில்லறைச் செலவுக்குத் தந்த பெட்டி கேஷ் மிச்சம், காப்புறுதி அட்டை, சீருடை.

ஒவ்வொன்றைக் கொடுக்கும்போதும் போனில் ஒரு படம் எடுங்கள். லெப்டொப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரும் திரையின் நிலையும் தெரிய வேண்டும். கையெழுத்துகள் நிறைந்த படிவத்தின் படமும் வேண்டும். மூலப் படிவத்தை எச்.ஆர். வைத்துக்கொள்ளும், அந்தப் படம்தான் கேட்டில் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று.

படி 3: கடைசி நாள்

நாளையும் நேரத்தையும் முடிந்தால் நீங்களே தெரிவுசெய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஆகாது, போயா விடுமுறைக்கு முதல்நாள் அதைவிட ஆகாது. ஊருக்குப் போக பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர்கள் மூன்று மணிக்கே பறந்திருப்பார்கள். கிழமை நாளொன்றில் பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாக் கையெழுத்தையும் முடித்துவிடுங்கள்.

கிளியரன்ஸ் முடிந்ததும் எச்.ஆரிடம் ஒரு வெளியேறல் கடிதம் அல்லது கேட் பாஸ் கேளுங்கள். "இதெல்லாம் தேவையில்லை, போங்கள்" என்றால், "அப்படியே கேட்டுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே அவர் கோல் எடுக்கும்வரை நில்லுங்கள்.

அட்டையைக் கையளித்த கணமே நீங்கள் அந்தக் கட்டடத்துக்கு வெளியாள். உயர்மாடிக் கட்டடங்களில் லிஃப்ட்கூட உங்களுக்கு அசையாது. மறந்துபோன எதையாவது எடுக்க மேலே போவதென்றால் விசிட்டர் பாஸ் வேண்டும், அதற்குத் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார்கள். அதை மட்டும் கொடுக்காதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தையோ வேறெதையோ கொடுங்கள். சச்சரவு என்று வந்தால் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் அட்டைதான் பிணையாகிவிடும். அடையாள அட்டை இல்லாமல் கொழும்பு வீதியில் இறங்கப் பயந்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இப்போது அந்தப் பயம் இல்லாவிட்டாலும் அட்டை கையில் இருப்பதே நல்லது.

வீட்டில் ஒருவருக்கு நேரத்தைச் சொல்லி வையுங்கள். முடிந்தால் தம்பியோ சிநேகிதியோ வெளியே வந்து நிற்கட்டும். வெளியே ஆள் காத்திருப்பது தெரிந்தாலே உள்ளே இழுத்தடிப்பு குறையும்.

படி 4: மறித்துவிட்டார்கள். இப்போது என்ன?

முதலில் குரலைத் தாழ்த்துங்கள். நீங்கள் சத்தம் போட்டால் அடுத்தநாள் அறிக்கையில் "ஊழியர் கலகம் விளைவித்தார்" என்று வரும். சத்தத்துக்குச் சாட்சி நிறைய, மறித்ததற்குச் சாட்சி குறைவு.

பையைத் திறந்து காட்டுங்கள். மேசையில் வைத்து, நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, முடிந்ததும் "சரியா?" என்று கேளுங்கள். கிளியரன்ஸ் படத்தைக் காட்டுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ஒவ்வொரு கேட்டிலும் இருக்கும் அந்த நீளமான பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். உள்ளே வந்த வாகனம், வெளியே போன பெட்டி, ஷிஃப்ட் மாறிய நேரம் எல்லாம் அதில் நீல மையில் எழுதப்பட்டிருக்கும், நூல் கட்டிய பேனா பக்கத்தில் தொங்கும். காவலருக்கு அந்தப் புத்தகத்தில் பயமும் மரியாதையும் உண்டு, ஏனென்றால் அவருடைய மேற்பார்வையாளர் இரவில் வந்து முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்கள் மறிக்கப்பட்டதை அதில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, யார் சொல்லி, என்ன காரணம் என்பது வர வேண்டும். இதைக் கேட்டதும் நடப்பதைக் கவனியுங்கள். அவர் பேனாவை எடுக்கமாட்டார், போனை எடுப்பார். மேலே இருப்பவரிடம், "சேர், புத்தகத்தில் எழுதச் சொல்கிறார், என்ன எழுத?" என்று கேட்பார். வாயால் உத்தரவு போட்டவருக்கு அது எழுத்தில் வருவது பிடிக்காது. விடச் சொல்லிவிடுவார். எல்லா நாளும் இப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனாலும் கூச்சலை விட இது வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன்.

சிங்களம் அவ்வளவாக வராதவர்களுக்கு நாலு வசனம். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, போனில் குறித்துவைத்தாலே போதும்.

"அய்யகே நம மொகக்த?" என்பது பெயர் கேட்பதற்கு. அண்ணன் என்று மரியாதையாகவே கேட்கிறீர்கள்.

"மேக்க பொதே லியன்ன" என்றால் இதைப் புத்தகத்தில் எழுதுங்கள்.

"பொலீசியட்ட கத்தா கரன்ன, மங் இன்னவா" என்றால் பொலிஸுக்குச் சொல்லுங்கள், நான் நிற்கிறேன்.

"மட்ட தேருனே நே" என்றால் எனக்கு விளங்கவில்லை. புரியாத எந்தக் காகிதத்துக்கும் இதுதான் பதில்.

மூன்றாவது வசனம்தான் கடைசி ஆயுதம். எதையோ எடுத்துவிட்டீர்கள் என்று குற்றம் சாட்டினால் மட்டும் சொல்லுங்கள். பரிசோதிக்க அதிகாரமுள்ளவர்கள் பொலிஸார், அவர்களைக் கூப்பிடச் சொல்லும் ஆளைத் திருடன் என்று தொடர்ந்து சொல்வது கஷ்டம். கம்பனி கூப்பிடாவிட்டால் நீங்களே 119க்கு அழைக்கலாம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள், கையைப் பிடித்து இழுக்கிறார்கள், பையைப் பறிக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் அழையுங்கள்.

தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்தத் தள்ளல் மட்டும்தான் கமெராவில் தெளிவாக விழும். "நான் போக விரும்புகிறேன், நீங்கள் மறிக்கிறீர்கள்" என்று வாயால் தெளிவாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். இப்படிச் சொல்லாவிட்டால் "அவர் தானாகத்தான் காத்திருந்தார்" என்று பின்னால் சொல்வார்கள்.

போனைத் தூக்கி வீடியோ எடுப்பது பற்றிப் பலர் கேட்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. கமெராவைக் கண்டதும் காவலர் முரடாவார், கம்பனி வளவுக்குள் படமெடுக்கத் தடையென்றால் உங்கள் மேல் புதிதாக ஒரு குற்றம் ஏறும். அதற்குப் பதிலாக வீட்டில் இருப்பவருக்குக் கோல் எடுத்து, நடப்பதைச் சத்தமாகத் தமிழில் சொல்லுங்கள்: "நாலே முக்காலிலிருந்து கேட்டில நிக்கிறன் அண்ணா, விடமாட்டாங்களாம், எச்.ஆர். சொன்னதாம்." கோல் எடுத்த நேரம் போனில் பதிவாகும், கேட்டவர் சாட்சியாவார்.

படி 5: கேட்டுக்குப் பதிலாக அறைக்குள் கூப்பிட்டால்

நீங்களாக விலகாமல் கம்பனியே உங்களை அனுப்பப் பார்க்கும்போது நடப்பது இது, கேட்டை விட மோசமானது. சின்ன மீட்டிங் அறை, உள்ளே எச்.ஆர். ஆள், கதவருகே சீருடையோடு ஒருவர், மேசையில் முன்கூட்டியே டைப் செய்த இராஜினாமாக் கடிதம். "கையெழுத்து வைத்தால் நல்லபடியாகப் போகலாம், இல்லாவிட்டால் பொலிஸுக்குப் போவோம்."

வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குப் பதில் தருகிறேன் என்பது மட்டும்தான் உங்கள் பதில். வெற்றுக் காகிதம், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம், "எல்லாப் பணமும் கிடைத்தது" என்ற பற்றுச்சீட்டு எதிலும் அந்த அறைக்குள் பேனா படக்கூடாது. பயத்தில் வைத்தேவிட்டால், மறுநாளே பதிவுத் தபாலில் எழுதுங்கள்: இன்ன திகதியில், இன்ன அறையில், பாதுகாப்பு உத்தியோகத்தர் கதவருகே நிற்க, என் விருப்பமின்றிக் கையெழுத்து வாங்கப்பட்டது. ஒரு மாதம் கழித்து எழுதினால் அதை யாரும் நம்பமாட்டார்கள்.

கட்டாயப்படுத்தி வாங்கிய இராஜினாமாவை வேலைநீக்கம் என்று தொழில் நியாய சபையில் வாதிடலாம். வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடமென்றால் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டமும் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்ய உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது அது. "சம்மதம்" என்று அவர்கள் காட்டப்போவது அந்த அறையில் வாங்கிய கையெழுத்தைத்தான். ஏன் அவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

படி 6: அன்றிரவும் அடுத்த நாளும்

வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தூங்குமுன் எழுதுங்கள். நேரம், இடம், யார் யார், சொன்ன வார்த்தைகள் அப்படியே. சிங்களத்தில் சொன்னதைச் சிங்கள ஒலியிலேயே எழுதுங்கள். பார்த்தவர்கள் யார் என்றும் குறித்துவையுங்கள்: தேநீர் கொண்டுவரும் அக்கா, வெளியே நின்ற ஓட்டோக்காரர்.

மறுநாள் காலையில் சொந்த மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கும் அவருக்கு மேலே ஒருவருக்கும் எழுதுங்கள். அதே கடிதம் பதிவுத் தபாலிலும் போக வேண்டும். ஒரு மாதிரி:

"20…ஆம் ஆண்டு … மாதம் … ஆம் திகதி மாலை 4.45 முதல் 6.05 வரை, என் கிளியரன்ஸ் படிவம் முழுமையாகக் கையெழுத்திடப்பட்ட பின்னரும், பிரதான வாயிலில் உங்கள் பாதுகாப்பு உத்தியோகத்தரால் நான் வெளியேறவிடாமல் தடுக்கப்பட்டேன். இந்த உத்தரவை வழங்கியவர் யார், எக்காரணத்துக்காக என்பதை எழுத்தில் அறியத் தரவும். அந்நேரத்துக்குரிய சீசீடிவி பதிவையும் வாயில் பதிவுப் புத்தகத்தின் பக்கங்களையும் அழியாமல் பாதுகாக்கவும்."

கடைசி வரி முக்கியம். கமெராப் பதிவுகள் சில கிழமைகளில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். எழுதிக் கேட்ட பிறகு அழிந்தால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். கம்பனிக் கடிதப் போக்குவரத்து இங்கிலீஷில் நடக்கிறதென்றால் இதையும் இங்கிலீஷில் அனுப்புங்கள், மேலிடம்வரை வாசிக்கப்படும். உணர்ச்சி வார்த்தைகள் வேண்டாம். "அவமானம்" என்று எழுதுவதை விட "ஒரு மணி இருபது நிமிடம்" என்று எழுதுவது உறைக்கும்.

பேஸ்புக்கில் போடும் ஆசை வரும். காவலரின் முகத்தைப் போட்டு நாலு பேர் திட்டினால் வேலை போவது அந்த மனிதருக்குத்தான். உத்தரவு போட்டவர் லைக் எண்ணிக்கொண்டிருப்பார்.

படி 7: எங்கே முறையிடுவது?

ஆளை மறித்தது, பூட்டிவைத்தது, கைவைத்தது, மிரட்டியது என்றால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையம். கட்டடம் எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதி, உங்கள் வீட்டுப் பகுதி அல்ல. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி, வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்று சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம் என்று மத்தியஸ்த சபைக்கு அனுப்பிவைப்பதும் நடக்கும். போய்ப் பேசிப் பாருங்கள், எழுத்தில் ஒரு மன்னிப்புக் கிடைத்தால் பலருக்கு அதுவே போதும்.

காசும் சான்றிதழும் பிடித்துவைக்கப்பட்டால் தொழில் திணைக்களம். தலைமையகம் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்தில். எந்தக் கருமபீடம் என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையமான 1919க்கு அழைத்தால் தமிழிலும் சொல்வார்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

படி 8: "உன் ஈ.பி.எப்.ஐ நிறுத்துவோம்" என்றால்

நிறுத்த முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 8 வீதம், கம்பனி 12 வீதம். கட்டிய காசு மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது, எச்.ஆரின் லாச்சிக்குள் இல்லை. கட்டாமல் விட்டிருந்தால் அது கம்பனியின் குற்றம், நாரஹேன்பிட்டியில் முறையிடலாம். ஊழியர் நம்பிக்கை நிதியம் 3 வீதம், அதையும் அவர்களால் நிறுத்த முடியாது.

பணிக்கொடையில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களுள்ள இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்திருந்தால் மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகம் கட்ட வேண்டும். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று சொத்தைச் சேதமாக்கியது போன்ற காரணத்துக்காக வேலைநீக்கப்பட்டால் மட்டும், ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு அதைக் குறைக்கலாம். ஐந்து வருடம் தாண்டிய ஒருவரைக் கேட்டில் திடீரென்று "திருட்டுச் சந்தேகம்" என்று மறித்தால், பணிக்கொடையைக் குறைக்கப் பார்க்கிறார்களா என்றும் சேர்த்து யோசிக்க வேண்டும். அப்படியான நேரத்தில் பொலிஸைக் கூப்பிடச் சொல்லும் மூன்றாவது வசனம் கட்டாயம் தேவை. காணாமல் போன சார்ஜரின் பெயரால் பணிக்கொடை முழுவதையும் பிடித்துவைக்க முடியாது.

சேவைச் சான்றிதழை இந்தச் சச்சரவோடு சேர்த்துக் கேட்காதீர்கள். தனியாக இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல், பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி மட்டும் கேளுங்கள். உள்ளே சாமான் ஏதும் விட்டுவந்திருந்தால் அதற்கும் வேறு மின்னஞ்சல். பட்டியலைப் போட்டு, எந்த நாளில் யாரை அனுப்பி எடுக்கலாம் என்று கேட்டு, வேறொருவரையே அனுப்புங்கள். புது இடத்தில் பரிந்துரைக்கு ஆள் கேட்டால் எச்.ஆரின் பெயரைக் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் வேலையைக் கிட்ட இருந்து பார்த்த முன்னாள் மேலாளர் ஒருவரின் பெயரைக் கொடுங்கள். கொழும்பு சின்ன இடம், எச்.ஆர். ஆட்கள் ஒருவரையொருவர் அறிவார்கள், அதனால் கேட்டில் நடந்ததை அந்த மேலாளருக்கு முன்கூட்டியே ஒரு கோல் எடுத்து நீங்களே சொல்லி வையுங்கள்.